பதினொரு பூட்ஸ்

கெமியார்வியில் காலை ஒன்பதுக்கும் இருட்டுதான்.
ஆறு பிள்ளைகளும் உள்ளே வந்தாயிற்று.
வாசலில் பூட்ஸ்,
சரிந்தும் குப்புற விழுந்தும்
தரையெல்லாம் பனி உருக.

எண் அட்டைகளை எடுக்கப் போனவள்
எடுக்கவில்லை.
இதை எண்ணுங்களேன், என்றேன்.

வெய்னி ஒன்றையே இரண்டு முறை தொட்டாள்.
எட்டிலிருந்து பத்துக்குத் தாவினான் உர்ஹோ.
அடித்துப் பிடித்து
பதினொன்றில் வந்து நின்றார்கள்.

சுவரோரம் தள்ளித் தள்ளி அடுக்கினோம்.
"இப்போ நிறைய!" என்றான் தார்மோ,
வரிசையின் கடைசிவரை நடந்துபோய்.
எண்ணினான். அதே பதினொன்று.
நான்தான் ஏமாற்றிவிட்டதுபோல் பார்த்தான்.

ஜோடி சேர்த்தால் ஒன்று மிச்சம்,
பச்சை நிறத்தில்.
"யாருக்கோ ஒரு கால்தான் இருக்கு,"
ரகசியமாய்ச் சொன்னாள் லெம்பி.
எல்லோரும் குனிந்து
தங்கள் பாதங்களைச் சரிபார்த்தார்கள்.
உர்ஹோ மட்டும்
ஈரக் காலுறையை
மற்ற காலடியில் ஒளித்தான்.

டார்ச்சோடு கிளம்பினோம்.
கேட்டருகே, முழங்கால் ஆழத்தில்
தனியாக நின்றிருந்தது பன்னிரண்டு,
வாய் நிறையப் பனியோடு.

கவிழ்த்துத் தட்டினான் உர்ஹோ.
விழுந்த குவியலைக் காட்டி,
"இது எத்தனை?" என்றான் தார்மோ.

தெரியாது, என்றேன்.
உண்மையிலேயே தெரியவில்லை.