தொடக்கூடாதது

கொம்பனித்தெருவில் ஃபாயிஸ் நானா
வெள்ளைக் கையுறை போட்டுத்தான் பெட்டியைத் திறந்தார்.
ட்ரெவர் யான்ஸ். கறுப்பு மை, சாய்ந்த எழுத்து.
கடைசி எழுத்தின் வால்
தந்திகளுக்குக் கீழே ஓடி மறைகிறது.
'ஒருதடவையும் வாசிக்கப்படாதது' என்றது சான்றிதழ்.
"தொட வேணாம் தம்பி, வேர்வ பட்டா வெல போயிரும்."

பழைய கார் ஒன்றின் விலை.
சிவநந்தினியிடம் பாதிதான் சொன்னேன்.
அந்தப் பாதிக்கே இன்றோடு நாலு நாள்
அவள் என்னோடு கதைக்கவில்லை.

வெள்ளவத்தை, மூன்றாம் மாடி.
யன்னல் கம்பியையே தின்கிற உப்புக்காற்று.
ஆகவே கண்ணாடிப் பெட்டி,
ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள், சின்னதாய் ஒரு பூட்டு.
எனக்கென்றால் ஒரு சுரமும் பிடிக்கத் தெரியாது.

பின்னேரம் ரோச் அடித்துப் பார்த்தேன்:
துளையின் ஓரம் நாலைந்து மெல்லிய கீறல்.
ஆரோ வாசித்திருக்கிறார்கள்.
நானாவுக்கு ஃபோன் எடுத்தேன்,
'ஹலோ' என்றதும் வைத்துவிட்டேன்.
பிறகு அந்தக் கீறல்களையே
கனநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இரவு, கடற்கரைத் தண்டவாளத்தில் கடைசி ரயில்.
மாடி நடுங்க,
பூட்டிய பெட்டிக்குள் தடித்த தந்தி
'ம்ம்' என்று தொடங்கி
ரயில் போன பிறகும் நிற்கவில்லை.

"சாவி எங்கை?"
இருட்டுக்குள்ளிருந்து கேட்டாள் சிவநந்தினி.