நடந்தது மட்டும்

ஒப்பந்தத்தின் மூன்றாம் பக்கத்தில் தெளிவாக இருக்கிறது:
நீங்கள் எங்கள் ஊழியர் அல்ல.
பஸ் காசு என்னுடையது, டேட்டா என்னுடையது,
காளவாசல் சிக்னலில் நிற்கிற வெயிலும் என்னுடையது.
ஒரு கடைக்கு முந்நூறு. பிடித்தம் போக இருநூற்று எழுபது.
அறிக்கை தேறினால்.
தேறி நாற்பத்தைந்து நாள் கழித்து.

வீட்டு ஓனர் கேட்டால் சர்வே வேலை என்பேன்.
மக்கள்தொகைக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு
தண்ணி மோட்டாரைக் கொஞ்சம் கூடுதல் நேரம் ஓடவிடுகிறார்.

முந்தி இந்த ஊரில் ராஜா மாறுவேடத்தில் நகர்வலம் போவாராம்.
அவருக்கு பில் கேட்டு வாங்குகிற வேலை இல்லை.
எனக்கு பில்தான் உயிர்.
சித்திரை வெயிலில் கைப்பையைத் திறந்தால்
காலையில் வாங்கியது வெறுந்தாளாகி இருக்கும்.
தேதி போச்சு, நேரம் போச்சு, முந்நூறும் போச்சு.
அதனால் கடையை விட்டு இறங்கியதும்
டிரான்ஸ்பார்மர் நிழலிலாவது நின்று படம் எடுத்துவிடுவேன்.
போகிறவர்கள் என்னைக் கஞ்சப்பிசினாறி என்று நினைக்கலாம்.

பிரியாணிக் கடை என்றால் ஒரு ஆளுக்குத்தான் காசு.
மகனைக் கூட்டிப்போனால் அவன் தட்டு என் கணக்கு.
சோறு எவ்வளவு சூடு என்று கேட்கிறார்கள்.
நாக்கால் அளக்கிறேன்.

பெட்ரோல் பங்க்கில், மதியம் இரண்டரை,
கேள்வி ஆறு: புன்னகைத்தாரா?
முகம் முழுக்கத் துண்டு. கண் மட்டும் வெளியே.
கண் சிரித்த மாதிரி இருந்தது.
'மாதிரி' என்று ஒரு கட்டம் கிடையாது.

பைபாஸ் ரோடு செருப்புக் கடையில் என் பெயர் மைதிலி.
குதிகால் வலிக்காரி. வலி மட்டும் நிஜம்.
பைக்குள் ஃபோன் பதிந்துகொண்டிருந்தது.
சட்டையில் குத்தியிருந்த பெயர் அமலோற்பவம்.
ஐம்பது வயதிருக்கும். எனக்கு ஸ்டூல் இருந்தது,
அவருக்கு இல்லை.
ஆயிரத்து நானூறு ரூபாய் ஜோடியை நானே கைகாட்டினேன்,
காட்டச் சொல்லித்தான் தாளில் இருந்தது.
ஒருதரம் பின்னால் திரும்பிப் பார்த்துவிட்டுக் குனிந்தார்.
"அது வேணாம்மா. ரெண்டு மாசத்துல அடி பிளந்துரும்.
இந்த முந்நூத்தி இருபதைப் போட்டுப் பாருங்க."
என் காலைப் பிடித்து நுழைத்துவிட்டார்.
கை ஈரமாக இருந்தது.

ராத்திரி அறுபத்திரண்டு கேள்வி.
இருபத்து மூன்று: விலை கூடிய பொருளைப் பரிந்துரைத்தாரா?
அதற்குக் கீழே விளக்கம், நூற்றைம்பது எழுத்துக்குக் குறையாமல்.
கருத்து கூடாது. நடந்தது மட்டும்.

'ஆம்' என்று அமுக்கினேன்.
ஒரு பொய்யை நூற்றைம்பது எழுத்துக்கு இழுப்பது
நீங்கள் நினைப்பதைவிடச் சிரமம்.
'மிகவும்' என்று மூன்று இடத்தில் போட்டேன்.

நாலாம் நாள் பதில். குருகிராமில் யாரோ,
தமிழ் காதுள்ள யாரோ, கேட்டிருக்கிறார்கள்.
பதினோராவது நிமிடம் ஒலிப்பதிவோடு பொருந்தவில்லை.
அறிக்கை நிராகரிப்பு. கட்டணம் இல்லை.
செருப்புக் காசும் இல்லை.
சரி, அந்த ஒலிப்பதிவையாவது அழித்துவிடுவீர்களா என்று கேட்டேன்.
அது கம்பெனியின் சொத்தாம்.
காசு கொடுக்காமல் எப்படிச் சொத்தானது என்று
கேட்க வாய் வரவில்லை; அடுத்த மாசம் பேங்க் வேலை
சிம்மக்கல்லில் ரெண்டு இருக்கிறது.

பதினோராவது நிமிடம் இப்போது யார் மேசையில் இருக்கிறதோ.

ஆறு மாசத்துக்கு அதே கடைக்கு நான் போகக் கூடாது.
சும்மா, ஆளைப் பார்க்க?
விதியில் 'சும்மா' என்ற சொல்லே இல்லை.
ஆடி போய் ஐப்பசி மழையும் பிடித்துக்கொண்டது.
முந்நூற்று இருபது ரூபாய்ச் செருப்பு
ஆரப்பாளையத்துச் சகதியையே தாண்டிவிட்டது. வார் அறவில்லை.

நேற்று கடை வாசல் வரை போனேன்.
படி ஏறவில்லை. படி கடையோடு சேர்த்தியா, தெருவோடா,
அதுவும் ஒப்பந்தத்தில் இல்லை.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தது வேறொரு பிள்ளை,
இருபது வயதிருக்கும்.
நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது.

ஏழு நொடி.
பழக்கம். எண்ணிவிட்டேன்.