சீட்டுக் கொப்பி

லைட்டைப் போட்டதும்
குளியல் தொட்டியின் அடியில் ஒன்று
சுற்றிச் சுற்றி ஓடிற்று.
வழுவழுப்பில் ஏறத் தெரியாது அதற்கு.
மீன் என்கிறார்கள், நீந்தாது.
வெள்ளி என்கிறார்கள், அடகு வைக்க முடியாது.
முதியோர் இல்லத்தில் பின்னேர ஷிஃப்ட் முடித்து
நள்ளிரவில் கால் கழுவ வந்தவள் நான்.
இரக்கப்பட நேரமில்லை.
சுடுதண்ணிக் குழாயைத் திறந்தேன்.

ஒன்றைக் கண்டால் ஒன்பது இருக்கும் என்று
மறுநாள் துவாய் அலுமாரியை இறக்கினேன்.
பென்டில் ஹில்லில் பெப்ரவரி.
சுவருக்கே வேர்க்கிற மாதம்.
படுக்கை விரிப்புகளுக்கெல்லாம் கீழே
இவர் கண்ணில் படாமல் ஒளித்து வைத்த
சீட்டுக் கொப்பி.

பதினெட்டுப் பேர், ஆளுக்கு மாதம் இருநூறு.
யார் கேட்டது, எவ்வளவு கழிவு, யாருக்குப் போனது,
எல்லாம் என் கையெழுத்து.
யோகராணி மூன்றாம் மாதம் எடுத்தாள்,
மகனின் பல்லுக்குக் கம்பி கட்ட என்று.
ஆறாம் மாதத்தோடு பெர்த்துக்கு வீடு மாறினாள்.
அவளுடைய நம்பரும் மாறிற்று.
மிச்சம் இரண்டாயிரத்து நானூறு.
சீட்டுப் பிடிக்கிறவள் தலையில்தான் அது விடியும்.
ஒரு வருசம் ஞாயிறுகளிலும் வேலைக்குப் போனேன்.
ஓவர்டைம் என்றேன் இவரிடம்.
பொய்யில்லை, முழு உண்மையுமில்லை.

போக முதல் அவள் எழுதித் தந்த துண்டு ஒன்று:
2400 டொலர் தர வேண்டும், யோகராணி.
கொப்பியில் ஒட்டிவைக்க அன்று வீட்டில் கம் இல்லை.
நாலு சோற்றுப் பருக்கையை நசுக்கித் தேய்த்தேன்.

சோறு போட்டால் வராமலா இருப்பார்கள்?

மற்றப் பதினேழு பேரின் பக்கத்திலும் பல் படவில்லை.
ஒழுங்காகக் கட்டியவர்களுக்கு மரியாதை போலிருக்கிறது.
இந்தத் துண்டில் மட்டும்
உப்புத்தூள் மாதிரி எச்சம்,
கழற்றிப் போட்ட தோல் ஒன்று,
ஓரமெல்லாம் அலை அடித்த கரை.
இராமபாணம் என்று பெயர் வைத்தவர்கள் நாங்கள்.
ஏழு மரம் துளைத்த அம்பு
இங்கே துளைத்தது இரண்டு சைபர்.
24 டொலர் தர வேண்டும், யோக
என்று நிற்கிறது கடன்.
இப்படியொரு கழிவை
எந்த ஏலத்திலும் எவரும் கேட்டதில்லை.

மருந்தடிக்கிற டாரில் வந்து
டோர்ச்சால் மூலை முடுக்கெல்லாம் குத்திப் பார்த்தார்.
மாதக்கணக்கில் பட்டினி கிடக்குமாம்.
டைனோசருக்கும் மூத்த சாதியாம்.
இருநூற்று எண்பது டொலர் என்றார்,
அவருக்கும் ஒரு சீட்டுப் போல.
வேண்டாம் என்றேன்.
வாசலில் நின்று இலவசமாக இரண்டு சொன்னார்:
ஜாம் போத்தலுக்கு வெளியே டேப் சுற்றி
உள்ளே பாண் துண்டு போடுங்கள், ஏறி விழும், திரும்பாது.
கடதாசிகளைப் பையில் கட்டி
ஃப்ரீசரில் வையுங்கள் ஒரு கிழமை.

வைத்தேன்.
பாரைத் துண்டுகளுக்கும் முருங்கைக்காய்க்கும் நடுவில்
என் பதினெட்டு மாதம்.

வெள்ளி இரவு. வேலையால் வருகிறேன்,
குசினியில் இவர்,
முன்னால் உறைபனி வடிகிற கொப்பி.
மீன் தேடிப் போயிருக்கிறார்.
நெஞ்சு ஒருமுறை நின்று ஓடியது.
“ஆரப்பா இந்த யோக?”
ஒரு சிநேகிதி.
“இருவத்துநாலு டொலருக்கே
இதை ஐசில வைச்சுக் காக்கிறாய்?”
சிரித்தார். சிரித்துக்கொண்டே
புளியைக் கரைத்தார்.
“சின்னக் காசு. விட்டுத் தள்ளு.”

சரி, விடுகிறேன் என்றேன்.
சொன்ன பிறகுதான் தெரிந்தது
தோள் இரண்டும் எவ்வளவு மேலே இருந்தன என்று.

போத்தலில் ஏழு பேர் சேர்ந்திருந்தார்கள்.
தொட்டியில் இன்னொன்று,
அதே சுற்று, அதே அவசரம்.
கடன்காரியைப் போல
கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன்.
பிறகு குழாயைத் திறந்தேன்.

பச்சைத்தண்ணிக் குழாயை.
என்னால் முடிந்த கழிவு அவ்வளவுதான்.