இதர

படிவத்தில் எட்டு மரங்களுக்குத்தான் இடம்.
வேம்பு, புளி, பூவரசு, வாகை,
தூங்குமூஞ்சி, ஆல், அரசு, தென்னை.
ஒன்பதாவது கட்டத்தின் பெயர்
இதர.

வாய்மேட்டிலிருந்து தகட்டூர் வரை
சாலை அகலமாகப் போகிறது.
தையல்நாயகி நெஞ்சுயரத்தில் நாடாவைச் சுற்றுவாள்,
நான் சுற்றளவு எழுதுவேன்,
பக்கிரிசாமி வெள்ளை பெயின்டில் எண் போடுவார்.
மரத்துக்கு ஒன்றரை நிமிஷம்.
ஒப்பந்தக்காரர் போட்ட கணக்கு.

முதல் நாளில் மட்டும் முப்பத்தொரு இதர.
அன்றிரவு தூக்கம் வரவில்லை என்றால் பொய்.
நன்றாகவே தூங்கினேன்.
ஞாயிற்றுக்கிழமை வேதாரண்யத்தில்
பழைய பேப்பர் கடைத் தராசில் கிடந்தது
மரம் செடிகளுக்கான களக் கையேடு.
அட்டை இல்லை. முப்பது ரூபாய்.
முன்னால் வைத்திருந்தவர்
புன்னைக்கு மட்டும் பச்சை மையில் டிக் அடித்து
அதோடு நிறுத்தியிருந்தார்.

இருநூற்றுப் பன்னிரண்டாவது மரம்
முள்ளியாற்று மதகுக்குப் பக்கத்தில்.
புத்தகம் விசாரணையை ஆரம்பித்தது:
இலை எதிரெதிராக இருந்தால் 14-க்குப் போ,
மாறி மாறி இருந்தால் 22-க்குப் போ.
பங்குனி மாதம்.
இலையே இல்லாத மரத்திடம் என்ன கேட்பது?
தழும்புகளைப் பார் என்றது அடிக்குறிப்பு.
பார்த்தோம். இலை நின்ற வடுக்கள்
மாறி மாறித்தான் இருந்தன.

கிளையை ஒடித்தால் பால் வருகிறதா?
மேலே யாரோ வைக்கோலில் பொதிந்து
மாட்டின் நஞ்சுக்கொடியைக் கட்டியிருந்தார்கள்.
அப்போ பால் மரம்தான் சார், என்றாள் தையல்நாயகி.
ஒடித்தேன்.
ஒரு சொட்டு இல்லை.
கட்டியவர் வீட்டு மாடு
இப்போது எவ்வளவு கறக்கிறதோ.

25, 31, 31 ஆ, 40.
போய்ச் சேர்ந்த இடத்தில் எழுதியிருந்தது:
தொள்ளாயிரம் மீட்டருக்கு மேல்
மலைக்காடுகளில் மட்டும்.
நாங்கள் நிற்பது
கடலைவிட இரண்டு ஆள் உயரம்கூட இல்லாத மண்.
எண் போட வந்த பக்கிரிசாமி
ஆ என்று கையை உதறினார்.
முள் உண்டா என்ற கேள்விக்கு
பட்டையைத் தடவிப் பார்த்து
இல்லை என்று எழுதிய ஆள் நான்.
முள் அடிமரத்தில் இல்லை.
நீளாமல் நின்றுபோன சிறுகிளை ஒவ்வொன்றும்
தன் நுனியைத் தானே சீவி வைத்திருந்தது.

திரும்பவும் 22-லிருந்து.
இந்தத் தடவை பூவையும் கேட்டது.
வெள்ளைப் பூ. இதழ்கள்
பின்பக்கமாகச் சுருண்டு
யாரோ கூப்பிட்டதுபோல் திரும்பியிருக்க,
நடுவில் மகரந்தக் கம்பிகள் கற்றையாய்.
டீசலும் சாணியும் வீசுகிற ரோட்டில்
அரை நொடி ஒரு வாசம்.
பக்கம் 143.
அழிஞ்சில்.

இதுவா, என்றாள் தையல்நாயகி.
'அழிஞ்சி வெத மாதிரி ஒட்டிக்கிட்டே திரியாதடின்னு
எங்கம்மா திட்டும்.
கீழ விழுந்தாலும் ஏறிப்போயி
தாய்மரத்துல ஒட்டிக்குமாம்.
பேரு தெரியும் சார்.
ஆளைப் பாத்ததில்ல.'
விதை ஏறுவதைப் பற்றிப் புத்தகம் பேசவில்லை.
சதை பிசுபிசுப்பானது
என்பதோடு முடித்துக்கொண்டது.

படிவத்தில் அந்தப் பெயரை
இதர கட்டத்துக்கு மேலே பொடியாக எழுதினேன்.
அலுவலகத்தில் கம்ப்யூட்டர்
அதை மறுபடி இதர ஆக்கிவிடும்.
'பேரு தெரிஞ்சா வெட்ட மாட்டாங்களா?'
வெட்டுவாங்க.
'அப்ப?'

பெயின்ட் காயாமல் 2-இன் வால்
பட்டை வெடிப்பில் வழிந்துகொண்டிருந்தது.
தகட்டூருக்கு இன்னும் நாலு கிலோமீட்டர் இருந்தது.
பக்கிரிசாமி ஒன்றும் சொல்லாமல்
வண்டியை வாய்மேட்டுப் பக்கம் திருப்பினார்.
பெட்ரோல் காசை என்னிடம் கேட்பார், தெரியும்.

முதல் இதர, எண் 7,
டிரான்ஸ்பார்மருக்கு அடியில்.
ஆடு எட்டாத உயரத்தில் கொஞ்சம் இலை.
தையல்நாயகி கொப்பை வளைத்துப் பிடித்தாள்.
எதிரெதிர், என்றாள்.
14-க்குப் போங்க.