பின்வளவு

வரணியில் பதினாறு பரப்பு.
மா, பலா, நடுவில் ஒரு கிழட்டு இலுப்பை.
கூட்டிக் கொளுத்த மாதம் எட்டாயிரம்.
முதலாம் திகதி வீடியோ போகவேண்டும்.
காசு ஐந்தாம் திகதி வரும்,
சிலவேளை ஒன்பதாம் திகதி.

மண் தெரியவேண்டும் என்பார் குலவீரசிங்கம் அண்ணை.
மண் என்றால், விளக்குமாறு கீறின மண்.
ஸ்காபரோவில் அவர் பனி வழிக்கிற நேரம்
எனக்கு இங்கே இலை.

மாசியில் ஒரு பின்னேரம்
நெருப்பு வைக்கக் குனிந்தேன்.
குவியலின் ஓரத்தில் ஒரு சருகு
எழும்பி நடந்தது.
பிறகு பறந்தது.
காற்றில்லை.
இன்னொன்று. பிறகு ஏழெட்டு,
விழுந்ததெல்லாம் கொப்புக்குத் திரும்புவதுபோல.
குச்சி விரலைச் சுட்டபின்தான்
கையை உதறினேன்.

ஒன்று என் சோட்டியில் வந்து ஒட்டியது.
சருகின் நரம்பு, சருகின் பொத்தல்,
ஓரத்து உக்கல் கூடச் சிறகில் இருந்தது.
மூஞ்சி மட்டும் முன்னுக்கு நீண்டு,
வாசலில் நின்று
மணந்து பார்க்கிற ஆள்போல.

அடுத்தநாள் கிளறினேன்.
ஈரத்துக்குள் கபில நிறப் புழு,
ஒரு நெல்மணி நீளம்.
பக்கத்தில் முளைத்த பலாக்கன்றில் ஒரு கடியும் இல்லை.
செத்ததைத்தான் தின்கிறது.
அதுவும் நரம்பை விட்டுவிட்டு,
மிச்சம் வலைபோலக் கிடக்கிறது.

விவசாயப் போதனாசிரியரை மறித்துக் கேட்டேன்.
'பயிருக்கு என்ன செய்யும்?'
'ஒண்டும் செய்யாது.'
'மருந்து?'
'ஒண்டும் செய்யாததுக்கு என்ன மருந்து?'
மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு
கிணற்றுக்கு இங்கால்ப் பக்கம் மட்டும் கூட்டுகிறேன்.
வீடியோவில் படலையிலிருந்து நடந்துவருவேன்,
இலுப்பையடியில் போனை மேலே திருப்புவேன்.
'பூவைப் பாருங்கோ அண்ணை.'
பூவைப் பார்ப்பார்.
பொய் என்று சொல்ல முடியாது,
பூ இருந்தது.
பங்குனி முடிய அதுவும் கொட்டிவிட்டது.

நேற்று எடுத்தார்.
'பின்வளவையும் ஒருக்கா காட்டு பிள்ளை.'
ஆடியில் வருகிறாராம், கோயிலுக்கு.
கோயிலுக்கு வருகிறவர்
உறுதி எங்கே இருக்கிறதென்று ஏன் கேட்கிறார்?

இரவு விளக்கை நூர்த்துவிட்டுப்
பின்னால் போய்க் குந்தினேன்.
இத்தனை வாய் மெல்லுகிறதே,
சத்தம் கேட்கும் என்று நினைத்தேன்.
கேட்கவில்லை.
தெருவில் கடைசி பஸ் போனது.
காலுக்குக் கீழே மட்டும்
கொஞ்சம் மெத்தென்று இருந்தது.