தவறிய துளைகள்

போர்வெல் மோட்டார் இறக்குகிறவனைக்
கூப்பிட்டுவிட்டார்கள்
அணைப் படகுக்கு ஆழமானி பொருத்த.
"தண்ணி, மோட்டார், ஒயர், எல்லாம் உன் லைன்தானே" என்றார்
முனிவெங்கடப்பா ஓவர்சியர்.
நீச்சல் தெரியுமா என்று அவர் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

பெங்களூரில் ஆர்டர் போடுவதற்குள் மூன்று நாள் சண்டை.
படகின் வயிற்றில் ஓட்டை போட்டு
வெண்கலத்தில் ஒன்றை இறக்கலாம்.
"நல்லா ஓடுற படகுக்கு எதுக்கய்யா ஓட்டை?"
படகோட்டி கெம்பண்ணன் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டான்.
உள்ளேயே எப்பாக்ஸியில் ஒட்டிவிட்டால்
ஃபைபர் வழியே சத்தம் போய் வரும் என்றார்கள்.
ஸ்பானரால் தட்டிப் பார்த்தேன்.
முன்பக்கம் டங்.
பின்பக்கம், இருக்கைக்கு அடியில், பொத்.
இடையில் ஃபோம். ஃபோம் என்றால் காற்று.
காற்றுக்கு அந்தப் பக்கம்
இந்தக் காதுக்கு ஒன்றும் கேட்காது.

மிச்சம் பின்பலகை.

ஏ.இ. நூருன்னிசா மேடம் அதில் தலையிடவே இல்லை.
எங்கே வேண்டுமானாலும் வை,
ஆனால் இரண்டு அலை வேண்டும்.
இருநூறு கிலோஹெர்ட்ஸ் கூச்சக்காரன்,
சேற்றின் தோலில் விரல் பட்டதும் திரும்பிவிடுவான்.
ஐம்பது முரடன்.
தோலைக் கிழித்து உள்ளே போய்
பழைய தரையில் முட்டிவிட்டுத்தான் வருவான்.
"ரெண்டுக்கும் நடுவுல இருக்கிறதுதான்
எனக்கு வேணும்."

ஆழம் பற்றி எனக்குத் தெரிந்தது வேறு.
அடிக்கு இவ்வளவு என்று காசு வைத்தால்
ஆழம் தானாகக் கூடும்.
பர்கூர் பக்கம்
எண்ணூறடிக்குப் பில் போட்ட குழியில்
அறுநூற்று நாற்பதில் என் மோட்டார் தரை தட்டியது.
மாந்தோப்புக்காரர் குழியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

புரொப்பெல்லரிலிருந்து ஒரு முழம் தள்ளி,
வலப்பக்கம்,
கீழ்விளிம்புக்கு ஒரு நூல் கீழே.
அளந்தேன், பென்சிலால் குறித்தேன்,
நாலு எம்எம் பிட்டில் இரண்டு துளை போட்டேன்.
பிறகுதான் குனிந்து பார்த்தேன்.
நேர் முன்னால், படகின் அடியில், ஒரு வரம்பு.
ஓடும்போது அதன் வாலில் குமிழி கிளம்பும்.
குமிழிக்குள் காதை வைத்துவிட்டு
தரையை எங்கே கேட்பது?

யாரும் பார்க்கவில்லை.
தவறிய இரண்டிலும் எப்பாக்ஸி அடைத்து
நாலு விரற்கடை தள்ளி வேறு இரண்டு போட்டேன்.
சீலன்ட், ஸ்க்ரூ, மறுபடி சீலன்ட்.
மிஞ்சிய ஒயரை வெட்டாமல் சுருட்டிக் கட்டினேன்.
வெட்டினால் காது செவிடாகும் என்று
பெட்டியிலேயே எழுதியிருந்தது.

மறுநாள் காலை ஏழரை.
மதகுப் பக்கம்
தென்பெண்ணை கொண்டுவந்த நுரை,
கலைந்த பஞ்சு மெத்தைபோல்.
அதற்குள் போனதும் திரையில் வெறும் கோடுகள்.
"என்ன, செத்துப்போச்சா?" என்றார் ஓவர்சியர்.
கெம்பண்ணன் நுரையை விட்டு ஒதுக்கி
வேகத்தைக் குறைத்தான்,
உறங்குகிற குழந்தையைத் தாண்டுகிறவன்போல.

5.2 என்றது கூச்சக்காரன்.
6.9 என்றது முரடன்.

மேடம் இரண்டையும் எழுதினார்.
டிரான்ஸ்டியூசர் தண்ணீருக்குள் முங்கியிருக்கும்
முப்பது சென்டிமீட்டரை இரண்டிலும் கூட்டினார்.
பழைய வரைபடத்தை விரித்து
அதே இடத்தில் விரலை வைத்தவர்
வெகுநேரம் எடுக்கவில்லை.
ஓவர்சியர் எட்டிப் பார்த்தார்.
"மெஷினைச் சரியாத்தான் மாட்டினியா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.
என் கை மட்டும்
பலகையின் உட்பக்கத்தில் இருந்தது,
எப்பாக்ஸி அடைத்த இடத்தில்.
கிளம்பியதிலிருந்து ஏழாவது தடவை.
விரல் ஈரம்.

"சரியாத்தான் சார்" என்று சொல்லிவிட்டு
திரும்பிக்கொண்டு
விரலை நாக்கில் வைத்தேன்.

உப்பு.