சிவப்புக் கடுதாசி

பகல் முழுக்க நான் எழுதுவது
கண்ணாடி உருண்டைகளின் கணக்கு.
டசின் என்ன விலை, பெட்டிக்கு எத்தனை,
வரும்போதே உடைந்தது எத்தனை.
ஐந்தாம் குறுக்குத் தெருவுக்கு
நாட்டாமிமாரின் முதுகில் ஏறி வருகிற நத்தாருக்கு
பில் போடுகிறவன் நான்.
விரலில் மினுக்கத்தூள் ஒட்டியிருக்கும்.
பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர்
என் கையைப் பார்த்து, முகத்தைப் பார்த்து,
கொஞ்சம் தள்ளி இருப்பார்.

"ஒரு பெட்டி கொண்டு போங்க,
சம்பளத்தில வெட்டிக்கிறேன்" என்றார் முதலாளி.
வெட்டுவதென்றால்
வீட்டில் கத்தரிக்கோல் இருக்கிறது என்றேன்.
மனதுக்குள்தான்.

மட்டக்குளியில், தொடர்மாடியில், நாலாவது தட்டு.
ஐப்பசிக் காற்று திருப்பிப் போட்ட குடையை
மெலிற்றா எறியவில்லை.
சீலையை உரித்தாள்.
உச்சியில் நூல் கட்டி,
பழுதான விசிறியை இறக்கிய கொக்கியில்
எலும்புக்கூடாய்த் தொங்கவிட்டாள்.
வளைந்த பிடிதான் அடிமரம்.
எட்டுக் கம்பியில் ஒன்று முறிந்துபோனதால்
ஏழு கிளை.

யோகட் கோப்பையைக் கவிழ்த்தால் மணி.
அதற்கு நாக்கு, என் சட்டையில் கழன்ற பொத்தான்.
ஆட்டினால் சத்தம் வராது,
என்றாலும் றொஷெல் காதை வைத்துப் பார்த்தாள்.
பால்மாப் பையின் உட்புறம் வெள்ளி:
நீளநீளமாகக் கீறி முறுக்கினால்
எங்கள் மூவரில் ஒருவரும் கண்டிராத பனி.
கோதுமை மாவைக் கிண்டிப் பசை.
பசைக்கு எறும்பு வந்தது.
முட்டைக்கோது முகமும் தும்புச் சிறகுமாய்
மேசையில் காய்ந்துகொண்டிருந்த சம்மனசை
தூக்கிக்கொண்டு போகிற மாதிரி
நாலு பக்கமும் மொய்த்தது.
மெலிற்றா பசையில் மஞ்சள்தூள் கலந்தாள்.
எறும்பு போனது;
சம்மனசுக்குச் செங்கமாரி பிடித்தது.

சிவப்புத்தான் இல்லை.
பிஸ்கட் பைகளில் தேடினோம், எல்லாம் நீலம்.
நான் வேலை செய்கிற கடையில்
ஒரு சுவர் முழுக்கச் சிவப்பு நாடா.
அதை நான் சொல்லவில்லை.

இருபத்தோராம் திகதி வேலையால் வந்தபோது
ஏழாவது கம்பியில் ஒரு நட்சத்திரம்.
ஐந்து முனை, கூர் மடங்காமல்,
நல்ல சிவப்பு.
"எங்க எடுத்த?"
"கதவுக்குக் கீழ கிடந்திச்சு."
அழகாயிருக்கு என்று சொல்லிச்
சாப்பிட உட்கார்ந்தேன்.

அடுத்த நாள் படியில் பர்ஸானா அக்கா:
"கரண்ட் பில் கட்டிட்டீங்களா?
வெட்ட வாறாங்களாம், சிவப்பு நோட்டீஸ்
எல்லா வீட்டுக்கும் போட்டிருக்கு."

கதிரையில் ஏறி இறக்கினேன்.
ஒரு முனையில் என் பெயரின் பாதி,
மறு முனையில் நிலுவை.
றொஷெல் பக்கத்தில் நின்று
"மெதுவா, அந்த மூலை கிழியும்" என்றாள்,
என் பில்லுக்கு நான் அந்நியன் போல.

கேக்குக்கு வைத்த காசு.
வரிசை வாசல் தாண்டி வெயிலில் நின்றது.
கவுன்டரில் இருந்த பிள்ளை
கடுதாசியை உள்ளங்கையால் நீவினாள்,
மடிப்புகளைப் பார்த்தாள்,
"தருவக்த?" என்று கேட்டாள்.
ஓம், நட்சத்திரம்தான்.
நடுவைத் தவிர்த்து ஓர் ஓரமாக,
பார்த்துப் பார்த்து முத்திரை குத்தினாள்.

வீட்டில் அளவெடுக்க வேண்டியிருக்கவில்லை.
பழைய மடிப்பு எல்லாம் கடுதாசிக்கே தெரிந்திருந்தது.
முத்திரை இடப்பக்க முனையில் விழுந்தது,
ஊதா நிறத்தில், பாதி எழுத்து.
முந்தியதை விட இதுதான் வடிவு என்றாள் மெலிற்றா.
இருக்கலாம்.

இருபத்துநாலாம் திகதி இரவு,
பூசைக்கு வெளிக்கிட்டு நின்றபோது
கரண்ட் போனது.
எங்களுக்கு மட்டுமல்ல, மட்டக்குளி முழுவதற்கும்.
மெழுகுதிரி கொளுத்தினோம்.
குடையின் ஏழு கம்பிகளும்
சுவரில் பெரிதாக எழும்பி
மெல்ல ஒரு சுற்றுச் சுற்றின.
கொஞ்ச நேரம் ஒருவரும் பேசவில்லை.

பிறகு இருட்டுக்குள் றொஷெல்:
"அப்ப காசத் திருப்பித் தருவாங்களா?"